ஜேட் கல்லில் வௌவால் எதற்கு? சீன மங்களச் சின்னங்களை வாசிக்கும் முறை

1793 செப்டம்பர் 14. பெய்ஜிங்குக்கு வடக்கே ஜெஹோல் என்ற கோடைவாசத் தலத்தில், பிரிட்டிஷ் தூதராக வந்திருந்த மெக்கார்ட்னி பிரபுவின் கையில் சியென்லோங் பேரரசர் ஒரு பொருளைக் கொடுத்தார். மூன்றாம் ஜார்ஜ் மன்னருக்கான அன்பளிப்பு அது. ஒன்றரை அடி நீளம், வெளிறிய கல், நுணுக்கமான வேலைப்பாடு. சீனர்கள் இதை உயர்வாக மதிக்கிறார்கள், ஆனால் தனக்கு இது அப்படியொன்றும் விலைமதிப்புள்ளதாகத் தெரியவில்லை என்று மெக்கார்ட்னி தன் நாட்குறிப்பில் எழுதி வைத்தார். 1781 முதல் 1785 வரை சென்னையில் கம்பெனியின் ஆளுநராக இருந்த அதே மெக்கார்ட்னிதான்.

அந்தப் பொருளின் பெயர் ரூயி. தலையும் வளைந்த பிடியும் உள்ள ஒரு கோல். 'விரும்பியபடியே ஆகட்டும்' என்று பொருள்.

இரண்டு வருடம் கழித்து, 1795-ல், அதே அரசவையில் இன்னொரு ரூயி கைமாறியது. அடுத்த பேரரசர் யார் என்பது மறுநாள்தான் அறிவிக்கப்பட இருந்தது. அதற்கு முந்தைய நாளே ஹஷென் என்ற செல்வாக்குள்ள அமைச்சர் ஓர் இளவரசரிடம் ரூயியைக் கொண்டுபோய்க் கொடுத்தார். இளவரசருக்கு விஷயம் புரிந்துவிட்டது. 1799-ல் ஹஷென் மீது 20 குற்றங்கள் அடுக்கப்பட்டபோது பட்டியலில் முதலாவதாக நின்றது இதுதான்: ரூயியைக் கொடுத்து அரச ரகசியத்தை முன்கூட்டியே கசியவிட்டது. குற்றம் சாட்டியவர் வேறு யாருமல்ல, அந்த ரூயியை வாங்கிப் பின்னர் ஜியாசிங் பேரரசரான அதே இளவரசர்.

ஒரே மாதிரிப் பொருள். ஒருவருக்கு அது வெறும் கல். இன்னொருவருக்குக் காதில் சொன்ன சேதி. சீன ஜேட் சிற்பத்தைப் புரிந்துகொள்ள இந்த வித்தியாசம் தெரிந்தால் போதும். அதில் செதுக்கியிருப்பது படம் மாதிரி தெரிந்தாலும், பெரும்பாலும் அது ஒரு வாக்கியம். கண்ணால் பார்த்து, வாயால் சொல்லிப் படிக்க வேண்டிய வாக்கியம்.

'மீன் என்றால் பணம், யானை என்றால் பலம், வௌவால் என்றால் அதிர்ஷ்டம்' என்று கடைகளிலும் வாட்ஸ்அப்பிலும் சுற்றும் பட்டியல்கள் விடையை மட்டும் தருகின்றன, வழியைக் காட்டுவதில்லை. பட்டியலில் இல்லாத ஓர் உருவம் எதிரே வந்ததும் ஊகம் தொடங்கிவிடுகிறது. அந்த ஊகம் பெரும்பாலும் தப்பாகவே போகும்.

'படி' என்று சொல்ல ஒரு படிக்கட்டு

பரீட்சைக்குப் போகும் பிள்ளையின் மேசையில் ஒரே ஒரு படிக்கட்டை வரைந்து ஒட்டி வைக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். தமிழ் தெரிந்த பிள்ளை சிரித்துக்கொண்டே புத்தகத்தை எடுக்கும்: 'படி!' தமிழ் தெரியாதவர் அதே படத்தைப் பார்த்தால் முன்னேற்றம், உயர்வு, ஏணி என்று ஏதேதோ அர்த்தம் சொல்வார். கேட்க அழகாக இருக்கும். ஆனால் படம் சொல்ல வந்தது அது இல்லை.

ஒரே ஒலியில் இரண்டு பொருள் வருவதை நாம் சிலேடை என்கிறோம். அதைச் சொல்லாமல் படமாகக் காட்டினால் படச் சிலேடை. சீன மங்களச் சின்னங்களில் மிகப் பெரிய பங்கு படச் சிலேடைதான். சீன மொழியில் பெரும்பாலான எழுத்துகள் ஓரசைச் சொற்கள். ஒரே ஒலியில் பல சொற்கள் நெருக்கமாகக் கூடி நிற்கும். தமிழில் அபூர்வமாகக் கிடைக்கும் வாய்ப்பு அங்கே தெருவுக்கு நான்கு கிடைக்கும்.

வௌவாலை எடுத்துக்கொள்வோம். நமக்கு அது பாழடைந்த மண்டபத்தின் பிராணி. சீனர்களும் அதன் அழகுக்காக அதைச் செதுக்கவில்லை. வௌவாலின் பெயரில் வரும் 'ஃபூ' என்ற ஒலியும், நற்பேறு என்ற பொருள் தரும் 'ஃபூ' என்ற ஒலியும் அச்சு அசலாக ஒன்று. அவ்வளவுதான் காரணம். ஐந்து வௌவால்கள் இருந்தால் 'ஐந்து ஃபூ', அதாவது மிகப் பழைய சீன நூல் ஒன்றில் சொல்லப்படும் ஐந்து பேறுகள்: நீண்ட ஆயுள், செல்வம், நோயற்ற நிம்மதி, அறத்தில் நாட்டம், காலம் முடிந்து அமைதியாக வரும் மரணம். நான்கு வௌவால்தான் தெரிகிறதா? கல்லைத் திருப்பிப் பாருங்கள், ஐந்தாவது பெரும்பாலும் பின்பக்கம் இருக்கும்.

மீன் 'யூ'. மிச்சம், உபரி என்பதற்கும் 'யூ'. ஆகவே மீன் பணத்தின் உருவம் இல்லை. செலவு போக வீட்டில் கொஞ்சம் மீந்திருக்கட்டும் என்ற ஆசை. இந்த நுணுக்கத்தைப் பட்டியல்கள் விட்டுவிடுகின்றன. மீனோடு தாமரையும் இருந்தால் வாக்கியம் நீளும். தாமரை 'லியென்', தொடர்ச்சி என்பதும் 'லியென்'. மீனுக்கு மீசை இருக்கிறதா என்று பாருங்கள். மீசை இருந்தால் அது கெளுத்தி. அதன் பெயர் 'நியென்', ஆண்டு என்பதும் 'நியென்'. இப்போது படித்தால்: வருடா வருடம் தொடர்ந்து மீதம் இருக்கட்டும். இரண்டே உருவங்களில் ஒரு முழு வாழ்த்து.

கட்டைவிரல் நீளத்தில் ஒரு சிறு தொங்கல். தூரிகை ஒன்று, வெள்ளிக்கட்டி ஒன்று, அவற்றின் மேல் குறுக்கே ஒரு ரூயி. தூரிகை இருப்பதால் கல்வி, வெள்ளி இருப்பதால் செல்வம் என்றுதான் யாருக்கும் தோன்றும். வாய்விட்டுச் சொல்லுங்கள்: தூரிகை 'பி', கட்டி 'டிங்', அப்புறம் 'ரூயி'. 'பிடிங்' என்றால் நிச்சயமாக. 'நிச்சயம் நினைத்தது நடக்கும்.' கல்வியும் இல்லை, வெள்ளியும் இல்லை. வாக்கியத்தைக் காதால் கேட்காதவருக்கு அது கைக்கு எட்டாது.

ஒலிகள் எப்போதும் முழுதாக ஒத்துப்போவதில்லை. சீன மொழியில் குரல் ஏறுவதும் இறங்குவதும் பொருளை மாற்றும். இதைத் தொனி என்கிறார்கள். வௌவாலும் நற்பேறும் தொனி வரை ஒன்று. யானையான 'ஷியாங்'குக்கும் மங்களமான 'ஷியாங்'குக்கும் தொனி வேறு, இருந்தும் சிற்பிகள் இதை ஏற்றுக்கொண்டார்கள். யானை முதுகில் பூஞ்சாடி இருந்தால் 'நாட்டில் அமைதி நிலவும் அறிகுறி' என்று படிப்பார்கள். சாடி 'பிங்', அமைதியும் 'பிங்'.

இதுவரை சொன்னது: உருவத்தின் குணத்தைப் பார்க்காதீர்கள், பெயரைக் கேளுங்கள். எத்தனை உருவங்கள், எந்த இனம், எந்த இடத்தில் என்பதெல்லாம் வாக்கியத்தின் சொற்கள். ஒன்றை விட்டால் பொருள் மாறும்.

ரூயியைக் கையில் எடுத்தால்

ரூயிக்கு மூன்று பகுதிகள்: தலை, வளைந்த பிடி, வால். நீளம் சாதாரணமாக 30 முதல் 50 செ.மீ. தலை மேகச் சுருள் போலவோ லிங்ஷி என்ற காளான் போலவோ இருக்கும். லிங்ஷி சாகாவரம் தரும் மூலிகை என்பது பழைய நம்பிக்கை. பிடி நேர்க்கோடாக இருக்காது. மெல்லிய அலை போல ஏறி இறங்கும். வால் முனையில் துளை இருந்தால் அது பட்டுக் குஞ்சம் கட்ட.

தொடக்கத்தில் இது முதுகு சொறியும் கோல் என்பது பரவலான விளக்கம். கை எட்டாத இடத்துக்கு விரும்பியபடி எட்டுவதால் 'விரும்பியபடி' என்ற பெயர். பிறகு பௌத்தத் துறவிகள் உபதேசம் செய்யும்போது கையில் பிடித்திருந்தார்கள். மிங், சிங் வம்சக் காலத்தில் (1368 முதல் 1912 வரை) அது சொறியவும் உதவவில்லை, உபதேசத்துக்கும் வேண்டியிருக்கவில்லை. முழுக்க முழுக்க வாழ்த்தாக மாறியது. அரியணைக்குப் பக்கத்தில் வைத்தார்கள், பிறந்தநாளுக்குக் கொடுத்தார்கள், திருமணத்தில் கொடுத்தார்கள். 1770-ல் சியென்லோங்கின் 60-ஆம் பிறந்தநாளுக்கு அதிகாரிகள் தங்கக் கம்பியில் பின்னிய 60 ரூயிகளைக் காணிக்கையாகத் தந்தார்கள். ஒன்பது ஒன்பதாகக் கொடுக்கும் வழக்கமும் உண்டு. ஒன்பது 'ஜியோ', நெடுங்காலம் என்பதும் 'ஜியோ'.

ரூயி தானே ஒரு சொல் என்பதால் அதன் மேல் செதுக்கும் உருவங்கள் அந்தச் சொல்லுக்கு முன்னால் ஒட்டிக்கொள்ளும். தலையில் வௌவாலும் பீச் பழமும் இருந்தால் 'நற்பேறும் ஆயுளும் விரும்பியபடி'. இரண்டு சீமைப் பனிச்சைப் பழம் (பெர்சிமன்) இருந்தால், பழத்தின் பெயர் 'ஷி', காரியம் என்பதும் 'ஷி', ஆக 'ஷி ஷி ரூயி': ஒவ்வொரு காரியமும் விரும்பியபடி. ஒரே பழம் செதுக்கினால் 'ஒவ்வொரு' வராது. அதனால்தான் எப்போதும் ஜோடி.

முழு ரூயியையும் ஒரே கல்லில் கடைவதற்குக் குறையில்லாத பெரிய துண்டு வேண்டும். அதற்கு மாற்றாக மரப்பிடி செய்து, தலையிலும் நடுவிலும் வாலிலும் மூன்று ஜேட் தகடுகளைப் பதிப்பது வழக்கம். இவற்றை வாசிக்கும்போது மூன்று தகடுகளின் நிறமும் விளிம்பு வேலையும் ஒத்துப்போகின்றனவா என்று முதலில் பாருங்கள். பசை காய்ந்து ஒரு தகடு விழுந்திருக்கும், அந்தக் குழியில் வேறொரு பொருளின் தகட்டை ஒட்டியிருப்பார்கள். வாக்கியத்தின் நடுவில் வேறு யாரோ சொன்ன சொல் நுழைந்துவிடும்.

எல்லாமே ஒலி இல்லை

நம் கல்யாண வாசலில் வாழை மரம் கட்டுவது வாழையடி வாழையாகக் குலம் தழைக்க. இங்கே ஒலி வேலை செய்யவில்லை, வாழையின் இயல்பு வேலை செய்கிறது. சீனச் சிற்பத்தில் மாதுளை அப்படி: பிளந்து விதை தெரியும்படி செதுக்கியிருந்தால் நிறையப் பிள்ளைகள். பைன் மரம் குளிரிலும் பச்சை மாறாது, ஆகவே நீண்ட ஆயுள்.

சில உருவங்கள் கதையிலிருந்து வருகின்றன. பீச் பழம் ஆயுளைக் குறிப்பது, மேற்கின் அரசித்தாய் என்ற தெய்வத்தின் தோட்டத்தில் பழுக்கும் சாகாவரப் பழம் என்ற கதையால். இன்னும் சிலவற்றில் 'ஷோ' (ஆயுள்) போன்ற எழுத்தையே வட்டமாக வளைத்து அலங்காரமாக்கியிருப்பார்கள். அது படமே இல்லை, எழுத்து.

மூன்று வழிகளும் ஒரே துண்டில் கலந்து வருவதுதான் சகஜம். மான், வௌவால், பீச் சேர்ந்திருந்தால் முதல் இரண்டும் ஒலி வழி (மான் 'லூ', அரசுப் பதவியின் ஊதியமும் 'லூ'), மூன்றாவது கதை வழி. எனவே முதலில் பெயரைச் சொல்லிப் பாருங்கள். ஒலி பிடிபடவில்லை என்றால் இயல்பு, அதுவும் இல்லையென்றால் கதை. இந்த வரிசையில் போனால் வழி தவறுவது குறைவு.

பழைய சடங்கு ஜேட் வேறு

பெரிய குழப்பம் நடக்கும் இடம் இது. 'சீனர்களின் மங்கள ஜேட்' என்று பேசும்போது ஐயாயிரம் வருடப் பொருள்களையும் முந்நூறு வருடப் பொருள்களையும் ஒரே கூடையில் போட்டுவிடுகிறார்கள்.

யாங்சி ஆற்றின் கழிமுகத்துக்குத் தெற்கே, சுமார் கி.மு. 3300 முதல் 2300 வரை லியாங்சூ பண்பாடு இருந்தது. அவர்கள் இரண்டு வடிவங்களை ஏராளமாகச் செய்தார்கள். ஒன்று 'பி': நடுவில் துளையுள்ள தட்டையான வட்டு. இன்னொன்று 'சோங்': உள்ளே வட்டக் குழாய், வெளியே சதுரம். 1986-ல் ஃபான்ஷான் என்ற இடத்தில் 12-ஆம் எண் கல்லறையில் கிடைத்த சோங் 8.9 செ.மீ. உயரம்தான், ஆனால் எடை 6.5 கிலோ. அதன் மேல் பெரிய கண்களுள்ள ஒரு முகம், முகத்துக்கு மேல் இறகுக் கிரீடத்தோடு ஒரு மனித உருவம்.

'பி வானத்துக்கு, சோங் பூமிக்கு' என்ற விளக்கத்தை எங்கும் கேட்கலாம். அது சோ வம்சச் சடங்குகளைப் பற்றிய ஒரு நூலில் இருந்து வருவது. அந்த நூல் தொகுக்கப்பட்டபோது லியாங்சூ அழிந்து ஏறக்குறைய இரண்டாயிரம் வருடம் ஆகியிருந்தது. லியாங்சூ மக்கள் அந்த வடிவங்களுக்கு என்ன பெயர் வைத்திருந்தார்கள், எந்த மொழியில் பேசினார்கள் என்பதற்கு எழுத்துச் சான்று இல்லை. அந்த முகத்தைப் பார்த்து 'இது செல்வம் தரும்' என்று சொல்ல எந்த ஆதாரமும் கிடையாது. படச் சிலேடை என்ற சாவி இந்தப் பூட்டுக்குப் பொருந்தாது. சிலேடை வாழ்த்துகள் ஜேட்டில் செழித்தது மிங், சிங் காலத்தில்.

சிள்வண்டு இன்னும் தெளிவான உதாரணம். ஹான் வம்சக் காலத்தில் (கி.மு. 206 முதல் கி.பி. 220 வரை) இறந்தவரின் நாக்கின் மேல் ஜேட் சிள்வண்டு வைத்து அடக்கம் செய்தார்கள். மண்ணுக்குள் வருடக்கணக்கில் கிடந்து, பிறகு ஓடு கழற்றிப் பறக்கும் பூச்சி என்பதால் மறுபிறப்பின் அடையாளம். இன்று அதே சிள்வண்டு 'ஒரு குரலில் உலகையே வியக்க வை' என்ற வாழ்த்தோடு மாணவர்களுக்கான பதக்கமாக விற்கப்படுகிறது. இரண்டையும் பிரிக்க எளிய வழி துளை. பிரேதத்தின் நாக்கில் வைத்தது கட்டித் தொங்கவிட வேண்டியதில்லை. அதில் பொதுவாகத் துளை இருக்காது, உடல் தட்டையாக, சில நேர்க்கோடுகள் மட்டும் கூர்மையாக வெட்டப்பட்டிருக்கும். அணிவதற்குச் செய்ததில் கயிறு கோக்கத் துளை உண்டு.

சுருக்கம்: முதலில் காலத்தைக் கேளுங்கள், பிறகு பொருளைக் கேளுங்கள். லியாங்சூ, ஹான், சிங் மூன்றுக்கும் மூன்று மொழி.

கல்லும் தேய்ப்பும்

'ஜேட்' என்பது ஒரே கல் இல்லை. நெஃப்ரைட், ஜேடைட் என இரண்டு தனித்தனிக் கனிமங்கள் என்பதை 1863-ல் பிரெஞ்சு வேதியியலாளர் தாமூர் காட்டினார். சீனத்தின் பழைய ஜேட் பெரும்பாலும் நெஃப்ரைட். பெயர்பெற்றது சின்ஜியாங்கின் கோத்தன் பகுதி ஆற்றுக்கல். பளிச்சென்ற பச்சையில் இன்று நகைக்கடைகளில் பார்ப்பது ஜேடைட். பர்மாவிலிருந்து 18-ஆம் நூற்றாண்டு வாக்கில்தான் பெருமளவில் வரத் தொடங்கியது. நெஃப்ரைட்டில் உச்ச மதிப்பு பச்சைக்கு அல்ல, 'ஆட்டுக்கொழுப்பு' என்று அழைக்கப்படும் மெழுகு வெள்ளைக்கு.

நெஃப்ரைட்டின் கடினம் மோஸ் அளவில் (வைரம் 10 என்று வைத்து அளப்பது) 6 முதல் 6.5. கத்தியின் எஃகு சுமார் 5.5. உளி வைத்து அடித்தால் செதுக்க வராது. உள்ளே நார்கள் பின்னிக் கிடப்பதால் பாறை போல் பிளக்கவும் பிளக்காது. அதனால் ஜேட்டைச் செதுக்குகிறோம் என்று சொல்வதே வழக்கச் சொல்தான், உண்மையில் தேய்க்கிறார்கள். கடினம் 7 உள்ள குவார்ட்ஸ் மணலையோ அதைவிடக் கடினமான கார்னெட், குருந்தக்கல் பொடியையோ தண்ணீரில் குழைத்து, மிதித்துச் சுழற்றும் இரும்பு வட்டில் ஊற்றி, கல்லை அதன் மேல் அழுத்துவார்கள். வெட்டுவது மணல், இரும்பு அதைத் தள்ளிக்கொண்டு போகிறது. 1787-ல் முடிந்த 'பெரிய யூ வெள்ளத்தை அடக்குதல்' என்ற ஜேட் மலை (பழங்கதை மன்னர் யூவின் கதையை மலைக்காட்சியாகக் காட்டும் கல்) 224 செ.மீ. உயரம், எடை 5,000 கிலோவுக்கு மேல். அதுவும் இப்படித் தேய்த்தே எடுத்தது.

இதற்கும் சின்னங்களுக்கும் என்ன சம்பந்தம்? தேய்த்து எடுத்த துகள் திரும்ப வராது. ஆகவே சிற்பி முதலில் கல்லைப் படிப்பார். ஆற்றில் கிடந்த கல்லின் மேல்தோல் துருச் சிவப்பாக இருக்கும். அதைச் சீவி எறியாமல், அந்தச் சிவப்பு இருக்கும் இடத்திலேயே வௌவால் வருமாறு வரைவார். சிவப்பு 'ஹோங்', பெருவெள்ளம் போல் மிகுந்தது என்பதும் 'ஹோங்'. சிவப்பு வௌவால் 'பெரும்பேறு' ஆகிவிட்டது. கல்லின் குறையாக இருந்த நிறம் வாக்கியத்தில் ஒரு சொல்லாகிறது. இந்த ஒரு வித்தைக்காகவே ஜேட் சிற்பிகளைக் கையெடுத்துக் கும்பிடலாம்.

வாசிக்கும்போது வழுக்கும் இடங்கள்

வௌவால் தலைகீழாக இருந்தால் பொருளைத் தப்பாகப் பிடித்திருக்கிறோம் என்று திருப்பிவிடாதீர்கள். கயிற்றுத் துளை எங்கே என்று பாருங்கள். துளை இருக்கும் பக்கம் மேல். துளை மேலே இருந்தும் வௌவால் தலைகீழ் என்றால் அது வேண்டுமென்றே செய்தது. தலைகீழ் 'தாவ்', வந்து சேர்ந்தது என்பதும் 'தாவ்': நற்பேறு வந்துவிட்டது.

நடுவில் ஓட்டையுள்ள காசுக்குப் பக்கத்தில் வௌவால் இருந்தால் பணம் என்று முடித்துவிடுவார்கள். காசு 'சியென்', முன்னால் என்பதும் 'சியென்'. காசின் ஓட்டை கண். 'நற்பேறு கண்முன்னே.'

கல்மணி ஒன்று தொங்கும் பதக்கத்தில், மணிக்கு மேலே ஈட்டி இருக்கிறதா, கீழே மீன் இருக்கிறதா என்று தேடுங்கள். ஈட்டி 'ஜி', கல்மணி 'சிங்', மீன் 'யூ': மங்களமும் கொண்டாட்டமும் பெருகி மீதமிருக்கட்டும். கீழே வெறும் துளை மட்டும் இருந்தால் அங்கே ஒரு மீன் தொங்கி உடைந்து போயிருக்கலாம். உங்கள் கையில் இருப்பது பாதி வாக்கியம்.

கல்லே ஜேட்தானா என்ற சந்தேகம் வந்தால், பழைய பொருளைக் கீறிப் பார்க்காதீர்கள். ஒரு தராசும் நூலும் கிண்ணத்தில் தண்ணீரும் போதும். காற்றில் 59 கிராம் இருக்கும் துண்டு, நூலில் கட்டித் தண்ணீரில் தொங்கவிடும்போது 39 கிராம் காட்டினால், 59-ஐ வித்தியாசமான 20-ஆல் வகுக்க 2.95. நெஃப்ரைட் அந்த அளவில்தான் நிற்கும். ஜேடைட் 3.3-ஐ ஒட்டி வரும். 2.6 வாக்கில் வந்தால் பெரும்பாலும் செர்ப்பென்டைன் என்ற மென்மையான கல். வாழ்த்து அதிலும் அதே வாழ்த்துதான். விலை மட்டும் வேறு. வெள்ளி, மரம் சேர்த்துப் பதித்த பொருளுக்கு இந்தக் கணக்கு ஒத்துவராது.

ஒன்றுமே செதுக்காத தகடு

வாசிக்கப் பழகியவரையும் தடுமாற வைக்கும் ஒரு பொருளோடு முடிக்கலாம். 4 செ.மீ. அகலம், 6 செ.மீ. நீளம் அளவில் ஒரு ஜேட் தகடு. மேல் விளிம்பில் மட்டும் சிறு வேலைப்பாடு, நடுப்பரப்பு இரண்டு பக்கமும் மழமழவென்று வெறுமையாக இருக்கும். முடிக்காமல் விட்ட வேலை என்றோ, செதுக்கக் கூலி மிச்சம் பிடித்தது என்றோ நினைக்கத் தோன்றும். விரிசலோ புள்ளியோ இருந்தால் சிற்பி அதன் மேல் ஓர் இலையையோ மேகத்தையோ செதுக்கி மறைத்துவிடுவார். இங்கே மறைக்க இடமில்லை என்பதால் குறையே இல்லாத கல் வேண்டும்.

இதன் பெயர் 'வூ ஷி' தகடு. அலங்காரம் இல்லை என்பது 'வூ ஷி'. சீமைப் பனிச்சைப் பழத்தில் பார்த்தோமே, காரியம் என்ற அந்த 'ஷி', அதன் முன்னாலும் 'இல்லை' என்ற 'வூ' சேரும். 'வூ ஷி': ஒரு பிரச்சினையும் இல்லை. தூரப் பயணம் போகும் பிள்ளையின் கழுத்தில் தாய் இந்த வெற்றுத் தகட்டைக் கட்டி அனுப்பும்போது சொல்வது அதைத்தான்.